பத்தாவதுக்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர்?

தருமபுரிப் பக்கத்துப் பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், நிலப் பத்திரத்துக்குக் கீழே துணியில் சுற்றிய ஒரு சிறு புத்தகம் அகப்படுவதுண்டு. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் என்பார்கள். இன்றைக்குக் கொடுக்கப்படும் ஒற்றைத் தாள் மதிப்பெண் பட்டியல் அல்ல அது. பல பக்கங்கள் கொண்டது. பிறந்த தேதி, தகப்பனார் பெயர், உடம்பில் எங்கே மச்சம் இருக்கிறது என்ற அங்க அடையாளம், பாடவாரியான மதிப்பெண், தலைமையாசிரியர் கையொப்பம் எல்லாம் அதற்குள் இருக்கும். அந்தப் புத்தகத்தைக் காட்டித்தான் ஒருவர் வாத்தியாரானார், இன்னொருவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவானார், மற்றொருவர் தபால் இலாகாவில் சேர்ந்தார். ஒரு குடும்பம் ஏர்க்காலிலிருந்து மாதச் சம்பளத்துக்கு மாறிய நாளுக்கு அந்தப் புத்தகமே சாட்சி.

அந்தப் புத்தகம் எல்லா வீட்டுப் பெட்டியிலும் இல்லை. எந்த வீட்டில் இருந்தது, எதில் இல்லை என்பதைத் தீர்மானித்தது பிள்ளையின் புத்திசாலித்தனம் மட்டுமல்ல. சாதி, நிலம், பெண்ணா ஆணா என்பவற்றோடு இன்னொன்றும் சேர்ந்து தீர்மானித்தது: தூரம். அடுத்த வகுப்பு எந்த ஊரில் இருக்கிறது, அங்கே நடந்து போக முடியுமா, போனால் இருட்டுமுன் வீடு திரும்ப முடியுமா? தருமபுரி மாவட்டத்தில் பள்ளியை முடித்த பிள்ளைகள் அடுத்து எங்கே போனார்கள் என்ற வரலாறு, இந்தத் தூரம் எப்படிக் குறைந்தது என்ற வரலாறுதான்.

தாலுகாவுக்கு ஒரு பள்ளி

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து தருமபுரியும் அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதை நிர்வகிக்க வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஏழு ஆண்டுகள் இந்த வட்டாரத்தில் வேலை பார்த்தார். தருமபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். நிலத்தை அளப்பதும் வரி போடுவதும்தான் அவர் வேலை. பின்னாளில் சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்தபோது அதே அளக்கும் பழக்கத்தைப் பள்ளிக்கூடங்கள் மீதும் திருப்பினார். மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுத்து அனுப்பும்படி 1822-ல் கலெக்டர்களுக்கு உத்தரவு போனது.

வந்த கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மாகாணத்தின் மக்கள்தொகை அப்போது ஒன்றேகால் கோடிக்குச் சற்று மேல். திண்ணையில் மணலில் எழுதி, ஓலையில் படித்து, கணக்கும் வாசிப்பும் தெரிந்தவுடன் பிள்ளை படிப்பை விட்டுவிடுவதே வழக்கமாக இருந்தது. அதற்கு மேல் படிக்க வழி இல்லை. 1826-ல் மன்றோ எழுதிய குறிப்பில் ஒரு திட்டம் இருந்தது. மாகாணத்தின் இருபது கலெக்டர் பகுதிகள் ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய பள்ளிகள், ஒவ்வொரு தாசில்தார் பகுதியிலும் ஒரு பள்ளி. மொத்தம் நாற்பது பெரிய பள்ளிகள், முந்நூறு தாலுகா பள்ளிகள்.

மறுவருடம் ஜூலையில் மன்றோ காலராவில் இறந்தார். தொடங்கிய சில தாலுகா பள்ளிகளும் 1830களில் மூடப்பட்டன. ‘தாலுகாவுக்கு ஒரு மேற்படிப்புப் பள்ளி’ என்பது தருமபுரிப் பிள்ளைக்குக் கைகூட அதற்கப்புறம் நூறு ஆண்டுக்கு மேல் ஆனது.

போர்டு ஸ்கூலும் பெங்களூர் வழியும்

இன்றும் ஊர்ப் பெரியவர்கள் சிலர் அரசுப் பள்ளியைப் ‘போர்டு ஸ்கூல்’ என்றே சொல்கிறார்கள். ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் பள்ளிகளை நடத்திய காலத்து நாக்குப் பழக்கம் அது. தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவின் ஒரு தாலுகா. கல்லூரி வேண்டுமென்றால் சேலம் போக வேண்டும். சுமார் 65 கிலோமீட்டர். வடக்கே ஓசூர் பக்கத்துக்காரர்களுக்குப் பெங்களூர் அருகில். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி அந்த வழியில்தான் போனார்: ஓசூரில் பள்ளி, பெங்களூரில் சென்ட்ரல் கல்லூரி, பிறகு சென்னையில் மாநிலக் கல்லூரி. தகப்பனார் கிராம முன்சீப். அப்படி வெளியூரில் தங்கிப் படிக்கவைக்க முடிந்த குடும்பங்கள் ஊருக்கு ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம்.

1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதையில் சிறு ரயில் விட்டார்கள். 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவருவதற்காகப் போட்ட பாதை அது. மொரப்பூரில் இறங்கினால் சென்னை வண்டியைப் பிடிக்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-ல், அந்தப் பாதையைப் பிடுங்கிவிட்டார்கள்.

1911 வாக்கில் மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை நடைமுறைக்கு வந்தது. பதினோரு வகுப்புப் படிப்பின் முடிவில் வந்த அந்தச் சான்று, பழைய மெட்ரிகுலேஷனின் இடத்தைப் பிடித்தது. அதற்கு முன்பாகவே நின்றவர்களுக்கு எட்டாம் வகுப்பில் ஈ.எஸ்.எல்.சி. என்ற தேர்வு இருந்தது. அதைத் தேறியவர் பயிற்சி முடித்தால் ஹையர் கிரேடு வாத்தியார்; எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பயிற்சி பெற்றால் செகண்டரி கிரேடு. ஓராசிரியர் பள்ளிகளில் இந்த மாவட்டத்தின் முதல் தலைமுறைக்கு எழுத்தறிவித்தவர்களில் பெரும்பாலோர் இப்படி வந்தவர்கள்தான்.

அரைநாளும் ஐந்து மைலும்

தொரப்பள்ளியில் பிறந்த அதே ராஜாஜி 1953-ல் முதலமைச்சராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு மாற்றம் கொண்டுவந்தார். பிள்ளை பள்ளியில் மூன்று மணி நேரம் படிக்கட்டும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்பது திட்டம். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் அதிகப் பிள்ளைகளைச் சேர்க்க இது வழி என்று அவர் வாதிட்டார். ‘குலக்கல்வி’ என்ற பெயர் சூட்டி மக்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்பு நியாயமானது. அப்பன் செய்யும் வேலையே மகனின் வேலை என்றால், பள்ளிக்கூடம் எதற்கு என்ற கேள்வி ஏர் பிடித்தவர் வீட்டிலும் செருப்புத் தைத்தவர் வீட்டிலும் எழுந்தது.

1954-ல் முதலமைச்சரான காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவுடன் சேர்ந்து அவர் கையிலெடுத்தது தூரத்தைத்தான். ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்ற அளவுகோல் பேசப்பட்டது. மதிய உணவு வந்தது. ஊர் மக்களே கட்டடத்துக்கும் கரும்பலகைக்கும் பணம் திரட்டிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன.

1965 அக்டோபர் 2-ம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. அதே ஆண்டில் தருமபுரி நகரத்தில் அரசு கலைக் கல்லூரியும் அமைந்தது. பள்ளி முடித்து, கல்லூரியில் ஒரு வருட பி.யூ.சி. படிக்கச் சேலத்துக்குப் போக வேண்டியிருந்த மாணவன் இனி தருமபுரிக்கு வந்தால் போதும். அந்த நகரத்தின் இரண்டு பெரிய அரசுப் பள்ளிகள் இன்று அதியமான் பெயரையும் அவ்வையார் பெயரையும் தாங்கி நிற்கின்றன. ஒன்று ஆண்களுக்கு, மற்றது பெண்களுக்கு. தருமபுரியின் பழைய பெயரான தகடூரை ஆண்டவனும் அவன் அவைக்கு வந்த புலவரும் ஆளுக்கொரு பள்ளிக்குப் பெயரானார்கள்.

பிளஸ் டூ ஊருக்குள் வந்தது

பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பெரிய திருப்பம் 1978-ல் நடந்தது. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யும் கல்லூரியில் ஒரு வருட பி.யூ.சி.யும் போய், பத்தாவதோடு ஒரு பொதுத்தேர்வு, பிறகு பள்ளியிலேயே இரண்டு வருடம் மேல்நிலை என்று மாறியது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-ல் நடந்தது.

இதைத் தேர்வு முறையின் மாற்றமாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். அதுவரை பள்ளியை முடித்த பிள்ளை, பி.யூ.சி. படிக்கக் கல்லூரி இருக்கும் ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அறை வாடகை, மெஸ் கட்டணம், பஸ் செலவு. மேல்நிலை வகுப்புகள் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் உள்ளூர்ப் பள்ளிக்கே வந்தபோது, அந்த இரண்டு ஆண்டுகளைப் பிள்ளை அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டே படிக்க முடிந்தது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் படிப்பு பத்தாவதோடு நிற்பதற்குச் சொல்லப்பட்ட முதல் காரணம் அடிபட்டது. மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவும் அப்போதே சேர்க்கப்பட்டது. கல்லூரிக்குப் போகாத பிள்ளைக்கும் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

பள்ளிக்கு வெளியேயும் சில வழக்கங்கள் வேரூன்றின. மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்வது ஒரு சடங்கானது. வரிசையில் நின்று வாங்கிவந்த அட்டையைப் புதுப்பிக்க மறந்தால் சீனியாரிட்டி போய்விடும் என்ற பயம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. கடைவீதி மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். இங்கிலீஷ் லோயர், தமிழ் ஹையர் என்று தேர்வு எழுதி வைத்தவர்களுக்குத் தட்டச்சர் வேலைக்கு வாய்ப்பு இருந்தது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு இன்றும் பத்தாவதுதான் அடிப்படைத் தகுதி. அதனால் அந்த மாடிப்படிகளில் கூட்டம் இன்னும் வற்றவில்லை.

1987 செப்டம்பரில் வட மாவட்டங்களை உலுக்கிய வன்னியர் இடஒதுக்கீட்டுப் போராட்டமும் படிப்பும் வேலையும் யாருக்குக் கிடைக்கின்றன என்ற கேள்வியிலிருந்துதான் எழுந்தது. படித்தும் உள்ளே நுழைய முடியவில்லையே என்ற ஆற்றாமை அது. 1989-ல் வன்னியரும் அடங்கிய மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவுக்கு 20 சதவீதம் ஒதுக்கப்பட்டபோது, தருமபுரியின் விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் முதன்முறையாகக் கல்லூரி விண்ணப்பம் பூர்த்தி செய்யப்பட்டது.

ஓசூரில் கைக்கடிகாரம்

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டம். பின்தங்கிய மாவட்டத்தில் ஆலை தொடங்கினால் சலுகை என்பதும், பெங்களூர் அருகில் என்பதும் கம்பெனிகளை இழுத்தன. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். எனப் பெரிய பெயர்கள் வந்தன.

டைட்டனின் கதை இதில் தனி. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாக 1984-ல் தொடங்கிய கம்பெனி அது. கைக்கடிகாரம் செய்யும் தொழிலாளிகள் இந்த வட்டாரத்தில் கிடையாது. நுண்ணிய வேலை; கண்ணும் விரலும் நிதானமாக இருக்க வேண்டும். கம்பெனி வேறு ஊரிலிருந்து கைதேர்ந்தவர்களைக் கூட்டிவரவில்லை. பள்ளிகளைத் தேடிப் போய், படிப்பை முடித்த பதினேழு, பதினெட்டு வயது ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் கிராமங்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்தது. வீட்டை விட்டு முதல்முறை வெளியே வந்த பிள்ளைகள் என்பதால், அவர்கள் தங்கிய இடங்களில் தாய் தகப்பன்போல் பார்த்துக்கொள்ளப் பெரியவர்களையும் அமர்த்தியது. கடலைக்காட்டில் களை பிடுங்கிய கைகள் சில மாதங்களில் முடியளவு பல்சக்கரங்களைப் பொருத்தின. மாடு மேய்த்த வீட்டுப் பெண் மாதச் சம்பளம் அனுப்பினாள்.

பத்தாவதும் பிளஸ் டூவும் முடித்த பிள்ளையிடம் என்ன திறமை இருக்கிறது என்ற கேள்விக்கு ஓசூர் கொடுத்த பதில் இது. திறமை ஊரிலேயே இருந்தது. தேடிவந்து கற்றுக்கொடுக்க ஓர் ஆள் இல்லாததே குறை.

ஐ.டி.ஐ.யும் இதே காலத்தில்தான் குடும்பங்களின் பேச்சுக்குள் வந்தது. 1950-ல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும் 1961-ன் தொழில் பழகுநர் சட்டமும் அதன் அடித்தளம். ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், வெல்டர் என்ற பெயர்கள் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் வழியாகக் கிராமத்துக்குள் போயின. ஐ.டி.ஐ. முடித்து ஓசூர் ஆலையில் அப்ரண்டிஸ் ஆன அண்ணனைப் பார்த்துத் தம்பி சேர்ந்தான்.

2004 பிப்ரவரி 9-ம் தேதி கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் அதனோடு போய்விட்டது. தருமபுரியிடம் மாந்தோப்பும் தக்காளியும் பட்டுக்கூடு அங்காடியும் பாலக்கோடு சர்க்கரை ஆலையும் மிஞ்சின. பள்ளி முடித்தவர்களுக்கான பெரிய வேலைவாசல் மீண்டும் மாவட்ட எல்லைக்கு வெளியே நின்றது.

பெண் பிள்ளைகளின் கணக்கு

1994-ல் உலக வங்கி உதவியோடு மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதல் கட்டத்துக்கு எடுக்கப்பட்ட சில மாவட்டங்களில் தருமபுரி ஒன்று. பெண்களின் எழுத்தறிவு நாட்டின் சராசரியைவிடக் குறைவாக இருந்ததே காரணம். பெண் சிசுக்கொலைக்காகச் செய்திகளில் அடிபட்ட மாவட்டமும் இதுவே. தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் இங்கே விரிவாக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம். மாநில சராசரி 80.09. தமிழ்நாட்டின் கடைசி இடம் தருமபுரிக்கு.

இந்தப் பின்னணியில் ஒரு திட்டத்தின் வரலாற்றைக் கவனிக்க வேண்டும். 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணுக்குத் திருமணத்துக்கு 5,000 ரூபாய். பிறகு நிபந்தனை பத்தாம் வகுப்பாக உயர்ந்தது. பணத்துக்காகவாவது பெண்ணைப் பத்தாவதுவரை அனுப்பிய வீடுகள் ஏராளம். ஆனால் அந்தப் படிப்பின் முடிவில் நின்றது கல்யாணம். 2022 செப்டம்பர் 5-ம் தேதி அதே திட்டம் ‘புதுமைப் பெண்’ ஆனது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுப் பட்டப்படிப்பிலோ டிப்ளமாவிலோ ஐ.டி.ஐ.யிலோ சேரும் பெண்ணுக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்துக்கு வைத்த காசு கல்லூரிக்கு மாறியது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றம், தருமபுரி போன்ற மாவட்டத்தில் எந்தப் பாலத்தையும்விடப் பெரிய கட்டுமானம். 2024-ல் ஆண் பிள்ளைகளுக்கும் ‘தமிழ்ப் புதல்வன்’ என்று அது விரிந்தது.

கல்லூரிகளும் அருகில் வந்தன. 2008-ல் அரசு மருத்துவக் கல்லூரி, 2013-ல் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி, 2017-ல் அரசு சட்டக் கல்லூரி. கடகத்தூரில் அரசு பாலிடெக்னிக், பைசுஅள்ளியில் பெரியார் பல்கலைக்கழக விரிவாக்க மையம், காரிமங்கலத்தில் மகளிர் கல்லூரி, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டியில் அரசு கலைக் கல்லூரிகள். மன்றோ 1826-ல் காகிதத்தில் எழுதிய தாலுகா கணக்கு, பள்ளி அளவில் அல்ல, கல்லூரி அளவிலேயே ஏறக்குறைய நிறைவேறியிருக்கிறது.

மலைக்கு இன்னும் தூரம்

எல்லோருக்கும் அல்ல. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு மலையிறங்கித்தான் ஆக வேண்டும். கீழே விடுதி கிடைத்தால் படிப்பு தொடரும். கிடைக்காவிட்டால் பெங்களூர்க் கட்டட வேலைக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ ஆள் பிடிப்பவர் வந்துவிடுவார். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் கட்டாயமாக்கியது 6 முதல் 14 வயதுவரையிலான படிப்பைத்தான். அதாவது எட்டாம் வகுப்போடு சட்டத்தின் கை விலகிக்கொள்கிறது. ஒன்பதாவதும் பத்தாவதும் அதற்கு மேலானதும் குடும்பத்தின் மனசையும் பிள்ளையின் பிடிவாதத்தையும் ஆசிரியரின் அக்கறையையும் நம்பி நிற்கின்றன. குழந்தைத் திருமணம் இந்த மாவட்டத்தை இன்னும் விடாமல் பிடித்திருப்பதற்கும் இந்த வயதின் இடைவெளிதான் வாசல்.

தூரம் குறைந்த இடத்தில் இப்போது இன்னொரு குறை தெரிகிறது. வழிகள் இருப்பது வீட்டுக்குத் தெரிவதில்லை. பத்தாவதுக்குப் பிறகு இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் நேரடியாகப் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமா முடித்தவர் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ.யோடு தமிழ், ஆங்கில மொழித்தாள்களை எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று கிடைக்கும். வெல்டர் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பத்தாவதில் ஒரு பாடம் போனால், அடுத்து வரும் துணைத்தேர்வில் எழுதி அதே ஆண்டு பதினொன்றில் சேரலாம். ‘நான் முதல்வன்’, ‘கல்லூரிக் கனவு’, ‘உயர்வுக்குப் படி’ என்று 2022 முதல் வந்த அரசு முயற்சிகள் இவற்றைச் சொல்வதற்காகவே ஏற்பட்டவை. பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அவை போய்ச் சேருகின்றன. தேர்வு முடிந்த மறுநாளே செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ போய்விட்ட பிள்ளைக்கு யாராவது வீடு தேடிப் போய்ச் சொல்ல வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வருகிறது. அடுத்த சில வாரங்களில் பதினொன்றாம் வகுப்பு, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேர்க்கை எல்லாம் நடந்து முடிந்துவிடும். இதைப் படிப்பவர் தருமபுரிக்காரராக இருந்தால், அந்த வாரங்களில் உங்கள் தெருவிலோ பக்கத்துக் கொட்டாயிலோ பத்தாவது முடித்த பிள்ளை ஒன்றின் வீட்டுக்குப் போங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கியாயிற்றா, சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, எந்தப் பள்ளியில், எந்த டிரேடில், எந்தக் கல்லூரியில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். போடவில்லை என்றால், கூடவே உட்கார்ந்து போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.